வடநாட்டு முற்றத்துக்கு ஏற்ற நிழல் மரம்

தில்லியில் குடியேறிய நம்மவர்களுள் தரைத்தள வீடு வாய்த்தவர்கள் பாக்கியசாலிகள். பின்புறம் கையகல மண்ணாவது அவர்களுக்கு உண்டு. அதில் செங்கல் பரப்பி மேடை அமைத்துவிட்டால் மாலையில் காற்றாட அமரலாம் என்று எண்ணுகிறோம். ஆனால் மே மாதத்தில் அம்மேடை அடுப்புக் கல்லாகிவிடுகிறது. தகரக் கூரை வேய்ந்தால் தகரமும் காய்ந்து, கீழே இருப்பவர் தலைமேல் வெப்பத்தை இறக்குகிறது. மரத்தின் தன்மை வேறு. வேர் உறிஞ்சிய நீரை இலைகள் ஆவியாக வெளிவிடுவதால் அவை தகரம்போலக் கொதிப்பதில்லை.

எந்த மரத்தை நடுவது என்பதில் நம் ஊர் வழக்கம் இங்கு முழுவதும் செல்லாது. சென்னையில் ஆண்டு முழுவதும் நிழல் வேண்டும். தில்லியிலோ கோடையில் நிழலும், டிசம்பர், ஜனவரி மாதங்களில் வெயிலும் வேண்டும். முதியோர்க்கும் கைக்குழந்தைகளுக்கும் அந்தக் குளிர்கால நண்பகல் வெயிலே மருந்து. ஜூன் இறுதியில் நண்பகற் சூரியன் ஏறத்தாழ 85 பாகை உயரத்தில், தலைக்கு நேராக நிற்கிறது. டிசம்பர் இறுதியில் தெற்கே சாய்ந்து 38 பாகைக்கு இறங்கிவிடுகிறது. அப்போது 20 அடி மரத்தின் நிழல் வடக்கே 25 அடி வரை நீளும். ஆகவே மேடைக்குத் தெற்கில் மா போன்ற பசுமை மாறா மரத்தை நட்டால் குளிர்காலத்தில் அங்கு கால் வைக்க முடியாது.

வேம்பும் இங்கு மார்ச் வாக்கில்தான் இலையுதிர்த்து, உடனே துளிர்க்கிறது. அதை மேற்கில் நட்டால் பிற்பகல் வெயிலைத் தடுக்கும். தெற்குக்கு உகந்தது முசுக்கொட்டை. இந்தியில் ஷஹ்தூத் என்பர். குளிர் முற்றும்போது இலைகளைக் கொட்டிவிட்டு, கோடைக்கு முன்பே தளிர்த்து அடர்ந்துவிடும். பழம் விழுந்து செங்கல்லில் கறை படியும். பெருக்குபவர் முணுமுணுக்கத்தான் செய்வார். பகாயனும் குளிர்காலத்தில் மொட்டையாக நிற்கும் மரமே. ஆனால் அதன் மஞ்சள் காய்கள் நஞ்சுடையவை. சிறுவர் உள்ள வீட்டில் தவிர்ப்பது நலம். சரக்கொன்றை கண்ணுக்கு விருந்துதான். எனினும் வெயில் கடுமையான மே மாதத்தில் அதில் பூவே மிகுதி, இலை குறைவு.

முருங்கையை நம்மால் விட முடியாது. சாம்பாருக்காக ஒரு மூலையில் இருக்கட்டும். கோடையில் 'ஆந்தி' என்னும் புழுதிப் புயல் வீசும்போது அதன் கிளைகள் மளுக்கென்று முறியும். அதன் கீழே நாற்காலி போடலாகாது. அரசும் ஆலும் மேடையருகே வேண்டவே வேண்டாம். அவற்றின் வேர்கள் சுவரையும் பிளக்கும்.

ஜூலையில் முதல் மழை விழுந்ததும் நடுவது நன்று. முதல் இரண்டு கோடைகளில் தண்ணீர் தவறக்கூடாது. அடிமரத்தைச் சுற்றிச் சிமென்டு பூசுவது மரத்தை மூச்சடைக்கச் செய்வதாகும். சில அடி வெறும் மண்ணாக விட்டு, அதற்கு அப்பால் செங்கற்களை மணலில் பதித்தால் நீர் இறங்கும். மரம் உயர்ந்தபின் தலையில் இடிக்கும் கீழ்க்கிளைகளை மட்டும் சிறுகச் சிறுகக் களைந்தால் மேலே குடைபோல விரியும்.

மாற்றல் உத்தரவு வந்துவிடுமே, நட்டு யாருக்கு என்று கேட்பவர்கள் உண்டு. முசுக்கொட்டை விரைந்து வளரும் இனம். சில ஆண்டுகளில் நட்டவரே அதன் கீழ் அமரலாம். அரசாங்கக் குடியிருப்பாயின் பராமரிப்பு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1994-ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, வளர்ந்த மரத்தை வெட்ட மர அதிகாரியின் அனுமதி தேவை. தவறான இடத்தில் நட்டுவிட்டு, இடைஞ்சல் என்று பின்னர் எளிதில் அகற்றிவிட முடியாது.