நெல் வயலில் வேர் உட்பூசணம்

வேர் உட்பூசணம் (மைக்கோரைசா) என்பது செடியின் வேருக்குள் புகுந்து, அதனுடன் கொண்டும் கொடுத்தும் வாழும் பூசணம் ஆகும். செருமானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் பிராங்க் 1885-ஆம் ஆண்டு இந்தக் கூட்டுவாழ்வுக்கு மைக்கோரைசா எனப் பெயரிட்டார். நிலத்தாவரங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு இத்தகைய உட்பூசணத்துடன் வாழ்கின்றன. நெல்லும் ஏலமும் அவற்றுள் அடங்கும். ஆயினும் நெல்லுக்கு இதனால் கிடைக்கும் பயன், வயலில் நிற்கும் நீரைப் பொறுத்து மாறுகிறது.

செயல்படும் முறை

மணிச்சத்து மண்ணில் மிக மெதுவாகவே நகரும். வேரை ஒட்டிய சில மில்லிமீட்டர் அளவில் உள்ள சத்து தீர்ந்ததும் அங்கு வெற்றிடம் உண்டாகிறது. பூசண இழைகள் வேரைவிடப் பல மடங்கு மெல்லியவை. அவை சில சென்டிமீட்டர் தொலைவு வரை பரவி, மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் எடுத்துவருகின்றன. வேரின் செல்களுக்குள் இவை சிறு புதர்போலக் கிளைக்கின்றன. அங்கேதான் பரிமாற்றம் நடக்கிறது. செடி சத்தைப் பெற்று, பதிலாகச் சர்க்கரையும் கொழுப்பும் தருகிறது.

மலையும் அடிவாரமும்

தேனி மாவட்டத்தில் இரு வேறு சூழல்களை அருகருகே காணலாம். ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் உள்ள போடிமெட்டுச் சரிவுகளில், மரநிழலில் ஏலம் வளர்கிறது. அமிலத்தன்மை கொண்ட அம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சரிவில் நீர் வடிவதால் மண்ணில் காற்றோட்டம் உண்டு. உட்பூசணம் நன்கு உதவக்கூடிய இடம் இது.

கீழே, போடிநாயக்கனூர் வழியாக ஓடும் கொட்டகுடி ஆற்றின் பாசன வயல்களிலும், 1895-இல் கட்டிமுடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீரைப் பெறும் கம்பம் பள்ளத்தாக்கிலும், நெல் தேங்கிய நீரில் நிற்கிறது.

நீர் தேங்கும்போது

நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துவிடும். பூசணம் உயிர்வாழ ஆக்சிஜன் தேவை. நெல் தன் வேரில் உள்ள காற்றறைத் திசு வழியாக அதைக் கீழே கொண்டுசெல்வதால் பூசணம் முற்றிலும் அழிவதில்லை. ஆனால் அதன் பரவல் குறைகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஆக்சிஜன் அற்ற நிலையில் இரும்புடன் பிணைந்திருந்த மணிச்சத்து விடுபடுகிறது. சத்து எளிதில் கிடைக்கும்போது செடியே பூசணத்தை அதிகம் அனுமதிப்பதில்லை. மணிச்சத்து உரத்தை அளவுக்கு மீறி இடுவதும் இதே விளைவைத் தரும்.

துத்தநாகத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. நீர் தேங்கினால் அது பயிருக்குக் கிடைப்பது குறைகிறது. பூசணத்தின் உதவி தேவைப்படும் அந்த வேளையில்தான் பூசணமும் குறைந்திருக்கிறது. எனவே பற்றாக்குறையுள்ள வயலுக்கு எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடும் பரிந்துரையைக் கைவிடக் கூடாது.

வயலில் பயன்படுத்துதல்

உட்பூசணத்தை உயிருள்ள வேரில் மட்டுமே பெருக்க முடியும். அதனால் மக்காச்சோளம் போன்ற பயிர்களின் வேரில் வளர்த்து, மண்ணோடு கலந்த நிலையில் விற்கிறார்கள். நீர் நிற்கும் நடவு வயலில் இதைத் தூவுவது பெரும்பாலும் வீண்செலவு. பலன் பெற ஏற்ற வழிகள்:

• புழுதி நாற்றங்காலில் விதைக்குக் கீழே இடுதல். நாற்றின் வேரில் பூசணம் முன்பே குடியேறிவிடும்.
• காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுதல். வயலில் பதித்த துளைக்குழாயில் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மீண்டும் பாய்ச்சலாம். இடைப்பட்ட நாட்களில் மண்ணுக்குள் காற்று புகும். பூக்கும் பருவத்தில் மட்டும் வயல் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.
• நெல் தரிசில் உளுந்து, பாசிப்பயறு விதைத்தல். இவற்றின் வேரில் பூசணம் பெருகி, அடுத்த பயிருக்கு வித்துகள் மண்ணில் தங்கும். கடுகுக் குடும்பப் பயிர்களில் இப்பயன் இல்லை. அவை இப்பூசணத்தை ஏற்பதில்லை.