தொட்டியிலிருந்து மீண்டவர்களும் மீளாத நினைவுகளும்

2015 ஜனவரி 31 அன்று விடியுமுன், இராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலைக்குள் உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இராணிப்பேட்டை முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் இத்தொழில் வட்டாரத்தில், கழிவுத் தொட்டிக்குள் இறங்கி நச்சுவாயுவால் மடிந்தோரும் உண்டு. அவ்வேலை சாதியின் பெயரால் பெரும்பாலும் தலித் மக்கள் மீதே சுமத்தப்பட்டுள்ளது.

இறந்தவர்களின் எண்ணிக்கை செய்தியாகிறது. உடன் வேலை செய்து உயிர் பிழைத்தவரின் உள்ளத்தில் நிகழ்வது செய்தியாவதில்லை.

இயல்பான நினைவுக்குக் காலமும் இடமும் உண்டு. அது 'முன்பு நடந்தது' என்றே மனத்தில் எழும். பேரச்சத்தின்போது மூளையின் அபாய உணர்வு மேலோங்கி, நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தும் ஆற்றல் குன்றுகிறது. காட்சியும் ஓசையும் நாற்றமும் தனித்தனித் துண்டுகளாகப் பதிகின்றன. பின்னர் அவை அழையாமலே புகுந்து, 'இப்போது நடக்கிறது' என்ற உணர்வை எழுப்புகின்றன. இவையே ஊடுருவும் நினைவுகள். இவை கோழைத்தனமோ பேய்பிடித்தலோ அல்ல. பலருக்குச் சில வாரங்களில் இவை தணியும். தணியாமல் வாழ்வைக் குலைத்தால் சிகிச்சை தேவை. வலிந்து மறக்க முயல்வதும் மதுவில் மூழ்குவதும் அவற்றை நீடிக்கவே செய்கின்றன.

தோலிலிருந்து முடியை நீக்கச் சோடியம் சல்பைடு பயன்படுகிறது. அக்கழிவு அமிலத்தோடு சேர்ந்தால், அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு எழும். தோழரை இழந்தவருக்கு அந்நாற்றம் ஒன்றே போதும், அந்த நாள் முழுவதும் திரும்பிவிடும்.

'ஆபத்து முடிந்துவிட்டது, இப்போது பாதுகாப்பாக இருக்கிறீர்கள்' என்று மனத்துக்கு உணர்த்துவது சிகிச்சையின் முக்கியப் படி. மறுநாள் அதே தொட்டியருகே வேலைக்குச் செல்பவரிடம் அதை எவ்வாறு சொல்வது? அவருடைய அச்சம் பாதி நினைவு, பாதி உண்மையான எச்சரிக்கை. ஆகவே பணியிடப் பாதுகாப்பும் மனநல சிகிச்சையின் ஒரு பகுதியே.

கழிவுநீர்க் குழாய், தொட்டி மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014-இல் 10 லட்சம் ரூபாயாக நிர்ணயித்து, 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. உடல் ஊனமுற்றோருக்கும் தொகை வகுத்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் குறைபாடாக ஏற்கிறது. எனில், உள்ளம் சிதைந்தவரும் அவ்விழப்பீட்டில் இடம்பெற வேண்டும் என்று கோருவது நியாயமே.

உண்மை அறியச் செல்லும் தோழர்கள் ஒன்றை மனத்தில் கொள்ளல் வேண்டும். நேரம் மாறிச் சொல்வதும் இடையில் மௌனமாவதும் பொய்யின் அடையாளங்கள் அல்ல. காயம்பட்ட நினைவின் இயல்பு அது. ஒரே நிகழ்வைப் பத்துப் பேரிடம் பத்து முறை சொல்லவைக்காதீர்கள். பேச்சை நிறுத்தும் உரிமை சொல்பவருக்கே உரியது. மனநல சிகிச்சை பெறுவதும், 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, அவருடைய உரிமை. 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம்.