திரையில் தட்டச்சாகும் தலைப்பு: ‘பள்ளி’ ஏன் ‘பள்ள’ ஆகிறது?

தோட்டப் பள்ளியின் ஆண்டு விழா, ஆலயத் திருவிழா, முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் ஆகியவற்றுக்கு இணையப் பக்கம் தயாரிக்கும் இளையோருக்குப் பிடித்த உத்தி ஒன்று உண்டு. யாரோ தட்டச்சு செய்வதுபோல், தலைப்பை எழுத்து எழுத்தாகத் திரையில் தோன்ற வைப்பதுதான் அது. மலாயிலும் ஆங்கிலத்திலும் இது ஒழுங்காக ஓடும். தமிழில்தான் கோளாறு.

பகாவ் வட்டாரத்தின் ‘ஜெராம் பாடாங் தோட்டத் தமிழ்ப்பள்ளி’ என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். முதலில் ‘ஜ’ வரும். பிறகு அதன் இடப்பக்கம் கொம்பு முளைத்து ‘ஜெ’ ஆகும். ‘ட’ வந்து நின்ற பிறகு அதன் தலையில் புள்ளி விழும். முடிவில் ‘பள்ளி’ ஒரு கணம் ‘பள்ள’ என்று நிற்கும். நூறு பேர் கூடிய மண்டபத்தின் பெருந்திரையில் இது நடந்தால் சிரிப்புதான்.

காரணம் எளிது. யூனிகோட் முறையில் உயிர்மெய் எழுத்து ஒரே குறியீடாகச் சேமிக்கப்படுவதில்லை. அகர மெய் முதலில், கொம்போ புள்ளியோ அதன் பின்னால். ‘தோட்டம்’ நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு ஏழு குறியீடு. வழக்கமான ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அந்த ஏழையும் ஒவ்வொன்றாக வெளியே விடுகிறது. பழைய தட்டச்சுப் பொறியில் கொம்பை முதலில் அடித்துப் பழகியவர்களுக்கு இந்த வரிசை இன்னும் விசித்திரமாகத் தெரியும்.

இதற்குத் தீர்வு உலாவியிலேயே இருக்கிறது. ‘இன்டல் செக்மென்டர்’ என்ற வசதியிடம் மொழி தமிழ், அலகு எழுத்து என்று சொல்லிச் சொற்றொடரைக் கொடுத்தால், அது ‘தோ’, ‘ட்’, ‘ட’, ‘ம்’ என முழு எழுத்துகளாகப் பிரித்துத் தரும். அவற்றை 100 மில்லி நொடிக்கு ஒன்றாகச் சேர்த்துக் காட்டினால் போதும். குரோம் 2020-இலேயே இதை ஏற்றது. ஃபயர்பாக்ஸ் 2024-இல்தான் சேர்த்தது. ஆகவே மிகப் பழைய கைப்பேசிகளுக்காக, முழுத் தலைப்பையும் ஒரேயடியாகக் காட்டும் மாற்று வழியையும் நிரலில் வைத்துவிடுவது நல்லது.

ஆனால் ஒன்று மிச்சமிருக்கிறது. தோட்டத்து ஆலயங்கள் பலவற்றின் பெயர் ‘ஸ்ரீ’ என்றுதான் தொடங்கும். செக்மென்டர் அதை ‘ஸ்’, ‘ரீ’ என இரண்டாக வெட்டிவிடும். ‘க்ஷ’ எழுத்துக்கும் இதே கதிதான். பிரித்து முடித்த பின், இந்த இரண்டையும் தேடி மீண்டும் ஒட்டும் ஒரு வரியை நிரலில் சேர்க்க வேண்டும்.

நிரலே வேண்டாம், சிஎஸ்எஸ் மட்டும் போதும் என்று காட்டும் காணொலிகளும் உள்ளன. அவை எழுத்துகள் அனைத்தும் ஒரே அகலம் என்று கணக்கிட்டுப் பெட்டியை விரிப்பவை. ‘ர’வும் ‘ணௌ’வும் ஒரே அகலமா என்ன? எழுத்து பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும்.

தலைப்புக்கு மட்டும் இந்த ஓட்டத்தை வைத்துக்கொள்ளலாம். விழா நாள், நேரம், இடம் ஆகியவை அசையாமல் இருக்கட்டும். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிக்கும் தாத்தா பாட்டிமாருக்கு அதுதான் வசதி. கைப்பேசியில் ‘அசைவைக் குறை’ என்று அமைத்திருப்பவர்களுக்குத் தலைப்பும் உடனே முழுதாகத் தெரியும்படி நிரலில் ஏற்பாடு செய்யலாம்.