"வயிற்று வலி" என்றான் பையன்!

நடு இரவு. பதினான்கு வயதுப் பையன் திடீரென்று எழுந்து உட்காருகிறான். "அம்மா, வயிறு வலிக்கிறது" என்கிறான். வாந்தியும் எடுக்கிறான். தின்றது ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று தாய் ஓமத் தண்ணீர் கொடுக்கிறாள். "படு, காலையில் டாக்டரிடம் போகலாம்" என்கிறாள்.

உண்மையில் வலி விதையில். அடிவயிற்றிலும் அது பரவும். ஆனால் விதை வலிக்கிறது என்று தாயிடம் சொல்லப் பையனுக்கு வெட்கம்.

விதை, பைக்குள் ஒரு கொடியில் தொங்குகிறது. அந்தக் கொடி வழியாகத்தான் ரத்தம் வருகிறது. ஈரத் துணியைப் பிழிவது போலக் கொடி முறுக்கிக்கொண்டால் ரத்தம் நின்றுவிடும். சிலருக்குப் பிறவியிலேயே விதை சரியாக ஒட்டாமல், கோவில் மணியின் நாக்கு போல ஆடிக்கொண்டிருக்கும். அவர்களுக்கே ஆபத்து அதிகம். அடிபட்டுத்தான் முறுக்க வேண்டும் என்பதில்லை. தூக்கத்திலும் முறுக்கும். 12 முதல் 18 வயதுவரை இது அதிகம்.

ஆறு மணி நேரம்

வலி தொடங்கிய 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து முறுக்கை அவிழ்த்தால், பெரும்பாலும் விதை பிழைத்துவிடும். 12 மணி நேரம் ஆகிவிட்டால் பிழைப்பது பாதிக்குப் பாதிதான். 24 மணி நேரம் கடந்தால், அநேகமாக விதையை எடுத்துவிட வேண்டியதுதான்.

விதைக்கு இரண்டு வேலை. அதில் உள்ள நுண்ணிய குழாய்களில் விந்தணு உற்பத்தியாகிறது. குழாய்களுக்கு இடையே உள்ள செல்கள் ஆண் ஹார்மோனைச் சுரக்கின்றன. ரத்தம் நின்றால் முதலில் சாவது விந்தணுவை உண்டாக்கும் செல்களே! ஹார்மோன் செல்கள் இன்னும் சற்று நேரம் தாங்கும். ஆகவே, தாமதமாகக் காப்பாற்றப்பட்ட விதை பின்னர் சிறுத்துப்போய், விந்தணு குறையலாம். பையனுக்கோ மீசை முளைக்கும், குரல் உடையும். வெளியே ஒன்றும் தெரியாது.

பிள்ளை பிறக்குமா?

ஒரு விதை போய்விட்டால்? மற்றது நன்றாக இருந்தால் பெரும்பாலோர் தகப்பன் ஆகிறார்கள். சிலருக்கு விந்தணு எண்ணிக்கை குறைவதும் உண்டு. ஆனால் ஒற்றை விதைக்காரனுக்குப் பெண் கொடுக்கத் தயங்குவது வெறும் அறியாமை.

மணி நாக்கு போல ஆடும் குறை பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். அதனால் அதே ஆபரேஷனில் மறுபக்கத்து விதையையும் டாக்டர் பையோடு சேர்த்துத் தைத்துவிடுவார். "வலிக்காத பக்கத்தில் ஏன் கத்தி வைத்தீர்கள்?" என்று பெற்றோர் சண்டைக்குப் போகக் கூடாது. பிள்ளை பாக்கியத்துக்குக் காவல் அந்தத் தையல்தான்.

சில பையன்களுக்கு வலி வந்து, சற்று நேரத்தில் தானாகவே நின்றுவிடும். முறுக்கு தானாக அவிழ்ந்திருக்கும். அது மறுபடியும் முறுக்கலாம். வலிதான் போய்விட்டதே என்று இருந்துவிடாமல், அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.