ரோல்ட் டால் உட்கார்ந்து எழுதிய நாற்காலி

சார்லி, மட்டில்டா என்ற கதைமாந்தர்கள் பிறந்தது இந்தப் பழைய கை நாற்காலியில்தான். குழந்தை எழுத்தாளர் டாலின் (1916–1990) தாயார் பயன்படுத்திய நாற்காலி இது. இங்கிலாந்தின் கிரேட் மிசெண்டனில், வீட்டுத் தோட்டத்துக் குடிலில் டால் இதைப் போட்டிருந்தார்.

பின்பக்கத்தைப் பாருங்கள்: அந்தத் துளையை வெட்டியவர் அவரேதான். 1940-ல் போர் விமானியாக இருந்தபோது லிபியப் பாலைவனத்தில் விமானம் விழுந்து நொறுங்கியதில் பட்ட அடி, கடைசிவரை முதுகை விடவில்லை. வலிக்கும் இடத்தில் நாற்காலி அழுத்தக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. கைப்பிடிகளின் குறுக்கே பச்சைத் துணி ஒட்டிய பலகை. அதன்மேல் மஞ்சள் தாள், சீவி வைத்த ஆறு மஞ்சள் பென்சில்கள். பக்கத்து மேசையில் அறுவை சிகிச்சையில் எடுத்த அவருடைய இடுப்பெலும்பு. அதனருகே, இளம் வயதில் லண்டனில் வேலை பார்த்த நாட்களில் தின்ற சாக்லேட்டின் தாள்களைச் சுற்றிச் சுற்றிச் சேர்த்த கனத்த உருண்டை. சாக்லேட் தொழிற்சாலைக் கதையை (1964) எழுதியவருக்குப் பொருத்தமான பொருள்தான்!

குழந்தைகள் பக்கம் நின்று பெரியவர்களின் கொடுமையை டால் அளவுக்குத் துணிந்து எழுதியவர்கள் குறைவு. அதே மனிதர் யூதர்களை வெறுத்துப் பேட்டிகளில் பேசினார். அந்தப் பேச்சு புண்படுத்தியது. அதை மறைத்து அவரைப் பற்றிச் சொல்வது நேர்மையாகாது. அந்தப் பேச்சுக்காக அவருடைய குடும்பத்தார் 2020-ல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டனர்.