அடுத்த டேப்புக்கு எந்த விசை?

பல்லேகம புது நகரத்தில் ஒரு கொமியூனிகேஷன் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைப் பிள்ளை ஒரு விவசாயச் சங்கத்தின் நெல் கணக்கை எக்செலில் தட்டிக்கொண்டிருக்கிறார். குரோமில் பழகிய கை, அடுத்த தாளுக்குப் போவதற்குக் கொன்ட்ரோலையும் டேப் விசையையும் சேர்த்து அழுத்துகிறது. வந்து நிற்பதோ பின்னால் திறந்து கிடந்த வேறொரு கோப்பு. கவனிக்காமல் இரண்டு வரி தட்டினால் ஒருவருடைய நெல் இன்னொருவருடைய கணக்கில் ஏறிவிடும்.

இதில் பிள்ளையின் பிழை எதுவும் இல்லை. அதே இரண்டு விசை குரோமில் அடுத்த டேப்புக்குப் போகும். எக்செலில் அடுத்த கோப்புக்கு. விஎஸ் கோடில் கடைசியாகப் பார்த்த கோப்புக்கு. லினக்ஸில் கேடிஈயின் கொன்சோல் கட்டளைத் திரை அடுத்த டேப்புக்கு ஷிப்டையும் வலது அம்பையும் கேட்கும். மூன்றாவது டேப்புக்கு நேரே தாவ விண்டோஸ் குரோமில் கொன்ட்ரோல்-3, லினக்ஸ் பயர்பாக்ஸில் ஆல்ட்-3. கொன்ட்ரோல்-டபிள்யூ இன்னும் மோசம். பிரவுசரில் அது டேப்பை மூடும், லினக்ஸ் கட்டளைத் திரையில் ஒரு சொல்லை அழிக்கும். கட்டளைத் திரையைப் பிரவுசருக்குள்ளேயே திறந்து வேலை செய்பவர், ஒரு சொல்லை அழிக்கப்போய் டேப்பையே இழந்துவிடுவார்.

வெட்டவும் ஒட்டவும் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. ஆப்பிள் 1980களில் வைத்த எக்ஸ், சி, வி விசைகளை விண்டோஸும் எடுத்துக்கொண்டது. பொதுவான விசைகளுக்கு ஐபிஎம் 1987இல் ஒரு விதிநூலே போட்டது. டேப் பரவலானது அதற்கெல்லாம் பிறகு. விண்டோஸின் கோப்பு உலாவிக்கே அது 2022இல்தான் வந்தது. விதிநூலில் இடம் இல்லாததால் ஆளுக்கொரு விசையை வைத்துக்கொண்டார்கள்.

விசைகளை ஒழுங்குபடுத்துவது நம் இலங்கைக்குப் புதிதல்ல. தமிழுக்கு எஸ்எல்எஸ் 1326 என்ற தரம் 2008இல் வந்தது. ரெங்கநாதன் விசைப்பலகை அதில் இடம்பிடித்தது. சிங்களத்துக்கு விஜேசேகர அமைப்பு உண்டு. ஆனாலும் இன்றும் பல கடைகளில் பழைய பாமினி எழுத்துருவின் விசையமைப்புதான். முன்பே பழகிய விரலைத் தரம் ஒன்றால் மட்டும் திருப்ப முடியவில்லை. அதனால் டேப்புக்கும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவே கூடாது, ஏற்கெனவே பல இடங்களில் வேலை செய்வதைத்தான் தரமாக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்படி ஒன்று இருக்கிறது. கொன்ட்ரோலோடு பேஜ் டவுன் அழுத்தினால் குரோம், பயர்பாக்ஸ், விஎஸ் கோட், க்னோம் டெர்மினல் எல்லாவற்றிலும் அடுத்த டேப். எக்செலிலும் லிப்ரே ஆபிஸ் கால்க்கிலும் அடுத்த தாள். பேஜ் அப் என்றால் முந்தையது. இந்த விசைகளில் எழுத்தும் இல்லை; ஆகவே தமிழில் தட்டினாலும் சிங்களத்தில் தட்டினாலும் இடம் மாறாது. சிறிய மடிக்கணினிகளில் பேஜ் டவுன் எஃப்என் விசைக்குள் ஒளிந்திருப்பதால் மூன்று விரல் தேவைப்படும் என்பது உண்மையான குறை. அதற்காகத்தான் கொன்ட்ரோல்-டேப்பையும் விட்டுவைக்க வேண்டும், ஆனால் அது எங்கும் ஒரே பொருளில் இயங்க வேண்டும்.

அப்படி ஒரு தரம் வரும்வரை அந்தப் பிள்ளை நெல் கணக்கின் அடுத்த தாளுக்கும் குரோமின் அடுத்த டேப்புக்கும் கொன்ட்ரோல்-பேஜ் டவுனையே பழகிக்கொள்ளலாம்.