நிலம் மறுக்கப்பட்டபோது காயலில் கூடியவர்கள்: கொச்சிப் படகுகள் சொல்லும் வரலாறு

போக்குவரத்தின் வரலாறு பெரும்பாலும் ஊர்திகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. வழி யாருக்குத் திறந்திருந்தது, யாருக்கு அடைக்கப்பட்டிருந்தது என்னும் கேள்வி அதில் எழுவது அரிது. அக்கேள்வியோடு கேரளத்தின் காயல்களை அணுகினால், சாதி எதன்மீது நின்றது என்பதும் நமக்குத் தெளிவாகும்.

தொடர்வண்டியும் தார்ச்சாலையும் வருவதற்கு முன், மத்திய கேரளத்தின் நெடுஞ்சாலை நீர்தான். பம்பை, மீனச்சில் முதலிய ஆறுகள் வேம்பநாட்டுக் காயலில் வந்து கலக்கின்றன. குட்டநாட்டின் நெல்லும் தேங்காயும் அக்காயல் வழியே கொச்சிக்குச் சென்றன. அவற்றைச் சுமந்தது கெட்டுவள்ளம். ‘கெட்டு’ என்றால் கட்டு. ஆஞ்சிலிப் பலகைகளை ஆணியின்றித் தென்னங்கயிற்றால் பிணைத்துச் செய்த பெரும்படகு அது. ஆழம் குறைந்த இடங்களில் மூங்கில் கழியை அடிமண்ணில் ஊன்றித் தள்ளி அதைச் செலுத்தினர்.

அவ்வள்ளங்களில் ஏறிய நெல்லை விளைவித்தவர்களுள் முதன்மையானவர்கள் புலையர்கள். காயலின் அடிச்சேற்றை அள்ளி வரப்பு எழுப்பி, நீரை இறைத்து, கடல்மட்டத்திற்குக் கீழே வயல்களை உண்டாக்கியது அவர்களின் உழைப்பு. அடிமைமுறை கொச்சியில் 1854இலும் திருவிதாங்கூரில் 1855இலும் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆயினும் பொதுவழிகள் அவர்களுக்குத் திறக்கப்படவில்லை. 1893இல் திருவிதாங்கூரில் அய்யங்காளி வில்வண்டியேறிப் பொதுச்சாலையில் சென்றதே ஒரு போராட்டமாக அமைந்தது இதனால்தான்.

கொச்சி அரசில் நிலைமை இதைவிட மேலானதன்று. ஒன்றுகூடிப் பேசுவதற்குக்கூடப் புலையர்களுக்கு நிலம் மறுக்கப்பட்டது. 1913இல் அவர்கள் எர்ணாகுளத்திற்கு எதிரே, போல்காட்டித் தீவையொட்டிய காயலில் கூடினர். வள்ளங்களை ஒன்றோடொன்று பிணைத்து, மேலே பலகைகளைப் பரப்பி மேடை அமைத்தனர். மீனவர் சமூகத்தில் பிறந்தவரும் ‘ஜாதிக்கும்மி’யை இயற்றியவருமான பண்டிட் கருப்பன் இதற்குத் துணைநின்றார். ‘காயல் சம்மேளனம்’ என்று இன்று நினைவுகூரப்படுவது இக்கூட்டமே. அதே ஆண்டில் கொச்சிப் புலைய மகாசபை உருவாயிற்று. கிருஷ்ணாதி ஆசான், சாஞ்சன், கே.பி. வள்ளோன் ஆகியோர் அதன் முன்னணியில் நின்றனர்.

நீருக்குச் சாதியில்லை என்று இதிலிருந்து எளிதாக முடிவுகட்டிவிட நாம் விரும்பவில்லை. வள்ளத்தில் ஏறிய விளைச்சல் நிலவுடைமையாளருக்கே உரியதாயிருந்தது. கரையில் கால்வைத்தவுடன் சாதி எதிர்ப்பட்டது. ஆனால் தீண்டாமையின் கட்டளைகள் பலவும் நிலத்தை அளந்து வகுக்கப்பட்டவை: இத்தனை அடி தள்ளி நில், இத்தெருவில் நடவாதே, இத்திடலில் கூடாதே. வேலியிட முடியாத நீர்ப்பரப்பில் அக்கட்டளை வலுவிழந்தது. கூடக்கூடாது என்ற ஆணையை மீறாமலேயே அதைப் பொருளற்றதாக்கினர் அம்மக்கள். அன்றாட வாழ்வின் கருவியாயிருந்த படகு அரசியல் மேடையாயிற்று.

அதன் விளைவு காயலோடு நின்றுவிடவில்லை. வள்ளோன் பின்னர் கொச்சிச் சட்டமன்றத்தில் இடம்பெற்றார். போல்காட்டியை அடுத்த முளவுகாட்டில் 1912இல் பிறந்த தாட்சாயணி வேலாயுதன், இந்திய அரசியல் நிர்ணய சபையின் ஒரே தலித் பெண் உறுப்பினரானார்.

இன்று கெட்டுவள்ளங்கள் சுற்றுலாப் பயணிகளின் படகுவீடுகளாக மாறியுள்ளன. கொல்லம் முதல் கோட்டப்புரம் வரையிலான 168 கிலோமீட்டர் நீர்வழி 1993இல் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. காயலின் அழகைப் பேசும் விளம்பரங்களில், அக்காயலின் சேற்றை வயலாக்கியவர்களையும், அதில் படகுகளைப் பிணைத்துக் கூடியவர்களையும் காண்பது அரிது. இவ்விடுபடலைச் சுட்டிக்காட்டுவது நம் கடமை. ஒவ்வொரு பகுதியின் பரிசல்துறையையும் படகுத்துறையையும் ஆராயப் புகும் மாணவர்கள், படகு எவ்வாறு செய்யப்பட்டது என்பதோடு, துடுப்பு வலித்தவர் யார், அமர்ந்து சென்றவர் யார், கரையில் நிறுத்தப்பட்டவர் யார் என்பதையும் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும்.